எங்கய்யன் ஸ்பேனர் பெட்டிக்கு மாற்றுப் பூட்டு: எது வாங்குவது, எங்கே வாங்குவது?

மில்லுக்காரர் பையன், சிங்காநல்லூர்:

வணக்கமுங்க. நெடுநாளாகப் படித்துவிட்டுப் பேசாமல் போகிறவன் நான். இன்றைக்குத்தான் கேட்க ஒரு காரியம் வந்திருக்கிறது.

எங்கய்யன் நூல் மில்லில் 32 வருஷம் ஃபிட்டர். மில்லை மூடியபோது கையோடு கொண்டுவந்தது ஒரே ஒரு இரும்புப் பெட்டி. மில் ஒர்க்‌ஷாப்பிலேயே தகடு வெட்டி, மடக்கி, ரிவிட் அடித்துச் செய்தது. 20 இன்ச் நீளம், 9 அகலம், 9 உயரம். பச்சை பெயின்ட். கைப்பிடி படுகிற இடத்தில் மட்டும் பெயின்ட் போய் இரும்பு பளபளவென்று இருக்கும். சாவி எப்போதும் அவர் அரைஞாண் கயிற்றில்தான். போன வருஷம் அவர் தவறினபோது கயிற்றை யார் அறுத்தது, சாவி எங்கே போனது என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

பெட்டி இப்போது திறந்துதான் கிடக்கிறது, ஆனால் பூட்டு வேலை செய்யவில்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். உள்ளே அரம், ஸ்கிரேப்பர் எல்லாம் இருப்பதால் பூட்டியாக வேண்டும். முன்பக்கம் 6 நூலில், அதாவது முக்கால் இன்ச்சில், ஒரு ஓட்டை போட்டுக் கடையில் கிடைக்கும் கேம் லாக் ஒன்றை மாட்டிவிடலாமா என்று நினைக்கிறேன். எது வாங்குவது? கோயமுத்தூரில் எங்கே?

ரிக் வண்டி, திருச்செங்கோடு:

இதுக்கு எதுக்குங்க இவ்வளவு ரோசனை. கொண்டியும் நாதாங்கியும் ஒரு ஜோடி வாங்கி வெல்டு வைத்து, நல்ல திண்டுக்கல் பூட்டு ஒன்றைத் தொங்கவிடுங்க. எங்க ரிக் வண்டியில் ஐந்து பெட்டி, எல்லாவற்றுக்கும் அதுதான். எந்த ஊருக்குப் போய் போர் போட்டாலும் மண், மழை எல்லாம் தாங்குது. சாவி தொலைந்தால் கட்டிங் வீலில் ஒரு நிமிஷ வேலை.

காலிப்பர், பீளமேடு:

தம்பி, வெல்டிங் மட்டும் வேண்டாம். ரிக் பெட்டி கனத்த தகடு, அது தாங்கும். மில்லில் செய்த கைப்பெட்டி பெரும்பாலும் 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ.தான். ஆர்க் வைத்தால் ஓட்டை விழும். விழாவிட்டால் முகப்பு நெளியும், சுற்றி நாலு இன்ச்சுக்கு பெயின்ட் கருகும்.

கேம் லாக்கும் அவ்வளவு லேசில்லை. அதன் நாக்கு சுற்றி வந்து எதையாவது பிடித்தாக வேண்டும். லெட்டர் பாக்ஸ், ஆபீஸ் பீரோ என்றால் சட்டத்துக்குப் பின்னால் போய் நிற்கும். உங்கள் மூடியில் நாக்கு பிடிக்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லையென்றால் உள்ளே ஒரு எல் பட்டை வைக்க வேண்டும். கடைக்குப் போகும்போது ஒரே ஒரு அளவோடு போகாதீர்கள். ஓட்டை விட்டம் பெரும்பாலும் 19 மி.மீ., நீங்கள் சொன்ன அதே 6 நூல். ஆனால் அது முழு வட்டமாக இருக்கக் கூடாது, இரண்டு பக்கமும் தட்டையாக அரம் போட்டு விட வேண்டும். வட்டமாகவே விட்டால் நாலு மாசத்தில் நட்டு தளர்ந்து, சாவியைத் திருப்பும்போது பூட்டே சேர்ந்து சுற்றும். அப்புறம் தலைக்கடியில் உடம்பு எவ்வளவு நீளம், நாக்கு எவ்வளவு நீளம், நேரா, வளைந்ததா.

இதெல்லாம் பிறகு. இப்போது அதில் இருக்கிற பூட்டு எப்படிப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லையே! சாவித் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு கம்பி நிற்கிறதா?

மில்லுக்காரர் பையன், சிங்காநல்லூர்:

நிற்குதுங்க ஐயா. பென்சில் கரிக்குச்சியை விடக் கொஞ்சம் தடிமன். இத்தனை நாள் ஏதோ முறிந்து உள்ளே மாட்டிக்கொண்ட துண்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

உள்பக்கம் பார்த்தால் தீப்பெட்டியை விடப் பெரிதாக ஒரு பித்தளைக் கூடு, நாலு ரிவிட்டில் முகப்புத் தகட்டோடு ஒட்டி நிற்கிறது. அதன் மேல் விளிம்பில் நீளவாக்கில் ஒரு துளை. மூடியிலிருந்து ஒரு வளையம் அந்தத் துளைக்குள் இறங்குகிறது. பையனின் ஸ்கேலில் அளந்தேன்: கூடு 64 மி.மீ. அகலம், 40 உயரம்.

பூட்டுப் பைத்தியம், ஒட்டன்சத்திரம்:

அது பெட்டிப் பூட்டுங்க. மூடி வளையம் உள்ளே இறங்கியதும், பூட்டின் நாக்கு பக்கவாட்டில் ஓடி அந்த வளையத்துக்குள் நுழையும். நடுவில் கம்பி நிற்கிறது என்றால் சாவி குழல் சாவி. தண்டு ஓட்டையாக இருக்கும், கம்பி மேல் ஏறி உட்கார்ந்து சுற்றும். உள்ளே லீவர், அதாவது சாவி தூக்கிவிடுகிற சின்னத் தகடுகள். 1778இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் காப்புரிமை வாங்கின அதே வித்தை: ஒவ்வொரு லீவரையும் சாவி அதனதன் உயரத்துக்குத் தூக்கவேண்டும். மயிரிழை குறைந்தாலும் நாக்கு நகராது, கூடினாலும் நகராது. அதற்கு முந்தின பூட்டுகளில் தூக்கினால் போதும், எவ்வளவு என்று கேள்வியே கிடையாது.

ரிக் அண்ணா, திண்டுக்கல் பூட்டைப் பற்றிப் பேசினால் எனக்கு வாய் மூடாது. 2019இல் புவிசார் குறியீடே கொடுத்தாச்சு. ஆனால் அந்த ஊர் மாங்காய்ப் பூட்டை, அந்தத் தொங்கு பூட்டைக் கொண்டுபோய் இந்தப் பெட்டியில் தொங்கவிடச் சொன்னால் எனக்கே மனசு வராது. முகப்பில் கொண்டி வைக்க நாலு ஓட்டையாவது போட வேண்டும்.

ரிக் வண்டி, திருச்செங்கோடு:

ஓட்டை போடாமல் பூட்டு மாட்ட முடியுமுங்களா? சரி, நான் வாயை மூடிக்கிட்டுப் பார்க்கிறேன்.

மஞ்சள் மண்டி, ஈரோடு:

குறியீடு பேச்சு வந்ததால் சொல்கிறேன், எங்க ஊர் மஞ்சளுக்கும் அதே 2019தானுங்க. சும்மா சொல்லி வைத்தேன்.

பனியன் கம்பெனி, திருப்பூர்:

ஆன்லைனில் 'டூல் பாக்ஸ் லாக்' என்று போட்டுப் பாருங்கள், நூற்றுக்கணக்கில் வரும். பார்த்தால் எல்லாம் அதே கேம் லாக், பெயர்தான் வேறு வேறு. உடம்பு நீளம் போட்டிருக்க மாட்டான். நான் கம்பெனி டிராயருக்கு இரண்டு முறை வாங்கித் திருப்பி அனுப்பினேன். மூன்றாவது முறை வெர்னியரோடு, நுணுக்கமாக அளக்கிற கருவியோடு, கடைக்கே போய்விட்டேன்.

காங்கயத்து அக்கா:

தம்பி, பழைய பூட்டை எடுத்து எறிவதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கோங்க. உள்ளே எண்ணெய் ஏதாவது விட்டிருந்தால் அதுதான் பிடித்திருக்கும். எங்க அம்மிச்சியின் டிரங்குப் பெட்டிப் பூட்டு இறுகிக் கிடக்குது என்று எங்க வீட்டுக்காரர் தேங்காய் எண்ணெயை ஒரு கரண்டி ஊற்றினார். நாலு நாள் நன்றாகத்தான் திறந்தது. ஆறு மாசம் கழித்துப் பார்த்தால் உள்ளே பிசின் மாதிரி, தூசியும் சேர்ந்து அடை கட்டிவிட்டது. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டுத்தான் கழன்றது. அப்புறம் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அவ்வளவுதான்.

மில்லுக்காரர் பையன், சிங்காநல்லூர்:

எல்லோருக்கும் நன்றிங்க. சனிக்கிழமை நஞ்சப்பா ரோட்டில் இரண்டு கடை, பெரிய கடை வீதியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். பெட்டிப் பூட்டு என்றால் எல்லோரும் பேட்லாக்கைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். கடைசிக் கடையில் பித்தளையில், கிட்டத்தட்ட அதே அளவில் ஒன்று கிடைத்தது. 65 மி.மீ. அகலம். சந்தோஷமாக வாங்கி வந்துவிட்டேன்.

இப்போது பிரச்சினை. சாவியைத் திருப்பினால் நாக்கு மேலே எழும்பி நிற்கிறது. பக்கவாட்டில் போகவே இல்லை. மாட்டுவதற்கு வேறு ஏதாவது வழி இருக்கிறதா?

பூட்டுப் பைத்தியம், ஒட்டன்சத்திரம்:

அய்யய்யோ. அது டிராயர் லாக்குங்க. மேஜை டிராயர் முன்னால் வரும், நாக்கு மேலே எழும்பி மேஜைப் பலகைக்குள் நிற்கும், டிராயர் நகராது. உங்கள் மூடி மேலே போகிறது. நாக்கும் மேலே போகிறது. பூட்டிவிட்டு மூடியைத் தூக்கிப் பாருங்கள், சாவகாசமாகத் திறக்கும்!

காலிப்பர், பீளமேடு:

கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள். முகத்தைப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரித்தான் இருக்கும். மேல் விளிம்பைப் பாருங்கள்: டிராயர் லாக்கில் கட்டையான நாக்கு தலை நீட்டும். பெட்டிப் பூட்டில் நாக்கு வெளியே தெரியவே தெரியாது, வளையம் இறங்கத் துளை மட்டும்தான்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். இந்தப் பெட்டிக்குக் 'கம்பெனி பூட்டு' என்று ஒன்று கிடையாது, பார்ட் நம்பர் தேடி அலைய வேண்டாம். 1888இல் ஸ்டேன்ஸ் மில், 1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின் கரண்ட் வந்ததும் இங்கே மில் மேல் மில். ஒவ்வொரு மில்லுக்கும் ஒரு ஒர்க்‌ஷாப். என் காலத்தில்கூட ஃபிட்டருக்குப் பெட்டி கடையில் வாங்கித் தர மாட்டார்கள். மிச்சத் தகட்டில் நாமே செய்துகொள்வோம். பூட்டை மட்டும் அவனவன் காசில் வாங்கி, உள்ளே வைத்து ரிவிட் அடிப்போம். கையில் எது கிடைத்ததோ அதுதான் அளவு. என்னுடையதற்கு ஒரு உடைந்த ஹார்மோனியப் பெட்டியின் பூட்டு.

சரி, ஒன்று நேராகக் கேட்கிறேன். சாவி இல்லாமல் பெட்டி எப்படித் திறந்தது?

மில்லுக்காரர் பையன், சிங்காநல்லூர்:

ஐயா கண்டுபிடித்துவிட்டீர்கள். முதலில் ஒரு சாவிக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் மொபெட் சாவி மாதிரி நாலைந்தை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, இது ஆகாது என்று அனுப்பிவிட்டார். அன்றைக்கு ராத்திரி நானே பெரிய ஸ்க்ரூ டிரைவரை மூடி இடுக்கில் விட்டு நெம்பினேன். உள்ளே டக் என்று ஒரு சத்தம். மூடி திறந்தது.

உள்ளே இருந்தது, மூலை மழுங்கின ரிங் ஸ்பேனர் ஒரு செட், ஃபீலர் கேஜ், பாதி தேய்ந்த அரங்கள், வேட்டித் துணியில் சுற்றின ஒரு மைக்ரோமீட்டர். அடியில் பழைய கிரீஸ் டப்பா, அதில் என் பால் பற்கள் இரண்டு. அது ஏன் அங்கே என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.

காலிப்பர், பீளமேடு:

நானும் என் மகள் பல்லை வைத்திருந்தேன். அதை விடுங்கள்.

பூட்டைக் கழற்றுங்கள். ரிவிட் தலை நடுவில் பஞ்ச் வைத்து ஒரு குத்து, 5 மி.மீ. டிரில் பிட்டால் தலையை மட்டும் சீவி எடுங்கள். தகட்டைத் தொடக் கூடாது. அப்புறம் பின் பஞ்ச்சால் தட்டினால் உள்பக்கம் விழுந்துவிடும். அவசரப்பட்டு உளியால் வெட்டினால் துளை கிழிந்துவிடும். அந்த நாலு துளைதான் நமக்கு மூலதனம்.

மில்லுக்காரர் பையன், சிங்காநல்லூர்:

கழற்றிவிட்டேன். கூட்டின் மூடியைத் திறந்தால் உள்ளே கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகின கிரீஸ். துடைத்தால் இரண்டு லீவர். ஒன்றின் ஸ்பிரிங் முறிந்து மூலையில் கிடக்கிறது, அது முன்னமே போயிருக்கும் போல, முறிந்த முனையெல்லாம் கருத்திருக்கிறது. ஆனால் நாக்கின் முனை புதிதாக முறிந்திருக்கிறது, மஞ்சளாக மின்னுகிறது. அது என் வேலைதான்.

பூட்டுப் பைத்தியம், ஒட்டன்சத்திரம்:

ஸ்பிரிங் பெரிய விஷயமில்லை, பழைய அலாரம் கடிகாரத்தின் சுருள் பட்டையில் ஒரு கீற்று வெட்டி வைத்தால் ஆயிற்று. லீவர் இருந்தால் சாவியும் அறுத்துவிடலாம். சாவிப் பல்லை விளக்குப் புகையில் கருக்கி உள்ளே விட்டுத் திருப்பினால் லீவர் எங்கே தொடுகிறதோ அங்கே கருமை போய்க் கோடு விழும், அந்த இடத்தில் அரம். ஆனால் நாக்குப் போனால் பித்தளைப் பட்டையிலிருந்து முழுசாக அறுத்து எடுக்க வேண்டும்.

காலிப்பர், பீளமேடு:

நாக்கில் நிற்கும் சின்ன முளை லீவர் வழியில் இழைய வேண்டும். நல்ல கைக்கு ஒரு நாள் வேலை. என் கை இப்போது நடுங்குகிறது, அந்த நுணுக்கத்துக்கு ஒத்துவராது. வேறு பூட்டே தேடுங்கள். பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உளியும் சுத்தியலும், பொள்ளாச்சி:

தச்சு வேலைக்காரன் என்பதால் குறுக்கே வருகிறேன். நீங்கள் இரும்புப் பெட்டி என்று இரும்புக் கடையிலேயே தேடுகிறீர்கள். இந்தப் பூட்டு மரப்பெட்டியுடையது. மண்டிக் கல்லாப்பெட்டியில் இருப்பது அத்தனையும் இதுதான். வளையம் இறங்கும், நாக்கு பக்கவாட்டில் போகும். எங்க ஊர் வெல்ல மண்டியில் பழைய கல்லாப்பெட்டிகளை விறகுக்கு உடைத்தபோது பூட்டை யாரும் கழற்றவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு வயிற்றெரிச்சல். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் 'கல்லாப்பெட்டிப் பூட்டு' என்று கேளுங்கள். பெட்டிப் பூட்டு என்று கேட்டால் கிடைக்காது.

மஞ்சள் மண்டி, ஈரோடு:

உக்கடம் வேண்டாம், இங்கே வாங்க. எங்க அப்பாருடைய கல்லாப்பெட்டி அடிப்பலகை கரையான் அரித்துப் போய் அட்டாலியில் கிடக்குது. பூட்டு நன்றாக இருக்குது, குழல் சாவி ஒன்றும் இருக்குது. மூடியில் பதிக்கிற பட்டையோடு கழற்றி வைத்திருக்கிறேன். இரண்டு வளையம். கூடு 70க்கு 45. காசெல்லாம் வேண்டாமுங்க. ஞாயிற்றுக்கிழமை எங்க தங்கச்சி மாப்பிள்ளை கோயமுத்தூர் வருகிறார், அவர்கிட்டே கொடுத்து விடுகிறேன்.

மில்லுக்காரர் பையன், சிங்காநல்லூர்:

அண்ணா, எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. காந்திபுரத்தில் மாப்பிள்ளையைப் பார்த்து வாங்கிக்கொண்டேன். டீ குடிக்கக்கூட நிற்கவில்லை அவர்.

பூட்டு அருமை. வாழைப்பழத்தில் ஊசி மாதிரி இறங்குகிறது. ஆனால் அளவு இடிக்கிறது. பெட்டியில் இருக்கும் நாலு ரிவிட் துளையும் இதன் துளையும் சேரவில்லை. இன்னொன்று, இது மரத்துக்குச் செய்தது. மேல் விளிம்பில் ஒரு பட்டை உள்பக்கமாக மடங்கியிருக்கிறது. தகட்டோடு வைத்தால் சாவி அரை இன்ச் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் போல.

ரிக் வண்டி, திருச்செங்கோடு:

புதுசா நாலு ஓட்டை போட்டால் தீர்ந்தது. பேசாமல் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை.

உளியும் சுத்தியலும், பொள்ளாச்சி:

மரப் பூட்டுக்கு மரத்தைக் கொடுங்கள். 12 மி.மீ. தேக்குத் துண்டு, கூட்டை விடச் சுற்றி முக்கால் இன்ச் பெரிதாக. அதில் பூட்டை உளியால் குடைந்து பதியுங்கள், மேல் பட்டை மரத்தின் மேல் விளிம்போடு மட்டமாக வரவேண்டும். பூட்டு மரத்தில் நிற்கும். மரம் உங்கள் பழைய நாலு துளையில் ஸ்க்ரூ, நட்டு போட்டு நிற்கும். பெட்டியில் புதுசாக ஒரு துளையும் வேண்டாம். மரக்கடையில் கேட்டால் தேக்குத் துண்டு சும்மாவே கொடுப்பார்கள்.

காலிப்பர், பீளமேடு:

நல்ல யோசனை. ஆனால் சாவித் துளை எங்கே வருகிறது என்பதை வைத்துத்தான் பூட்டைப் பதிக்க வேண்டும், மரத்தின் நடுவை வைத்து இல்லை. பூட்டின் மேல் விளிம்பிலிருந்து கம்பி நடு வரை எவ்வளவு? பெட்டியின் மேல் விளிம்பிலிருந்து சாவித் துளை நடு வரை எவ்வளவு? இரண்டையும் வெர்னியரில் எடுங்கள். பையன் ஸ்கேலில் அல்ல.

மில்லுக்காரர் பையன், சிங்காநல்லூர்:

பூட்டு 24.5. பெட்டி 27. எங்கய்யன் மைக்ரோமீட்டர் பக்கத்தில்தான் வெர்னியரும் இருந்தது, அதில்தான் எடுத்தேன்.

காலிப்பர், பீளமேடு:

அப்படியென்றால் மரத்தைப் பெட்டி விளிம்புக்கு 2.5 கீழே இறக்கி வையுங்கள், கம்பி துளைக்கு நேராக வந்துவிடும். மூடி வளையம் 2.5 கூடுதலாக இறங்க வேண்டும், அதற்குப் பட்டைக்கு மேல் அதே கனத்தில் ஒரு துண்டு.

மூடிப் பட்டையை எங்கே வைப்பது என்று கண்ணால் பார்த்துக் குறிக்காதீர்கள். வளையப் பட்டையைப் பூட்டுக்குள் இறக்கிச் சாவி போட்டுப் பூட்டிவிடுங்கள். பட்டையின் முதுகில் ப்ளூ மெல்லிசாகத் தடவி, மூடியை மெதுவாக மூடி, மேலே ஒரு தட்டு. மூடியைத் திறந்தால் பட்டை உட்கார வேண்டிய இடம் அச்சாக விழுந்திருக்கும்.

காங்கயத்து அக்கா:

ப்ளூ என்றால் துணிக்குப் போடுகிற நீலமுங்களா ஐயா?

காலிப்பர், பீளமேடு:

இல்லை அம்மணி, டியூபில் வரும் பிரஷ்யன் ப்ளூ, பேரிங் உட்காருகிறதா என்று பார்க்க ஃபிட்டர்கள் தடவுவது. கையில் பட்டால் மூன்று நாள் சோற்றில் தெரியும். இல்லாவிட்டால் குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தாலும் போதும். எண்ணெய் பூட்டுக்குள் போகாமல் இருந்தால் சரி.

மில்லுக்காரர் பையன், சிங்காநல்லூர்:

குங்குமம்தான் ஐயா. அம்மா டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார்.

மூன்று சாயங்காலம் ஆனது. முதல் தேக்குத் துண்டு உளி வழுக்கிப் பிளந்துபோனது. இரண்டாவதில் பூட்டு சரியாக உட்கார்ந்தது. நாலு துளையிலும் 3 மி.மீ. ஸ்க்ரூ, உள்ளே வாஷர், நட்டு. தலையைப் பச்சை பெயின்ட் தொட்டுவிட்டேன். மூடியில் பழைய வளையத்தின் இரண்டு ரிவிட் துளை இருந்தது. அதற்கு நேராகப் புதுப் பட்டையில் துளை போட்டேன், மூடியில் போடவில்லை. முதல் முறை மூடியபோது ஒரு வளையம் விளிம்பில் இடித்தது. அச்சைப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் குங்குமம் தடித்து விழுந்திருக்கிறது. ஒரு மி.மீ. அரம் போட்டதும் இறங்கிவிட்டது.

பூட்டும்போது இரண்டு முறை கிளிக் கேட்கிறது. பழையதில் ஒன்றுதான் கேட்கும். அம்மாதான் சொன்னார்.

ரிக் வண்டி, திருச்செங்கோடு:

படம் பார்த்தேன். நன்றாக இருக்குதுங்க. ஒரு ஓட்டைகூடப் போடவில்லையா? அந்த டிராயர் லாக்கை என்ன பண்ணினீங்க?

மில்லுக்காரர் பையன், சிங்காநல்லூர்:

பனியன் கம்பெனி அண்ணனுக்கு வேண்டுமென்றால் அனுப்புகிறேன். ஒரே ஒரு கவலை பாக்கி. சாவி ஒன்றுதான் இருக்கிறது. குழல் சாவிக்கு வெற்றுச் சாவி எங்கள் பக்கம் எந்தக் கடையிலும் இல்லை. அரைஞாணில் கட்டிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை, தொலைத்துவிடுவேன்.

காலிப்பர், பீளமேடு:

6 மி.மீ. பித்தளைக் கம்பியை லேத்தில் பிடித்து நடுவில் துளை போட்டால் தண்டு தயார், பல்லை வெள்ளிப் பற்று வைத்து ஒட்டலாம். எனக்குத் தெரிந்த ஒரு பையன் லேத் வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவியோடு வாங்க. அந்தப் பழைய பூட்டையும் கையில் எடுத்துக்கோங்க, நாக்கை ஒரு தடவை பார்க்க வேண்டும்.